பாலாற்றைக் கடந்த மாட்டு வண்டிகள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் புகைவண்டியில் வருவோர், காட்பாடியைக் கடந்தபின் சாளரத்தின் வழியே நோக்கினால், அகன்ற மணலாறு ஒன்று இருப்புப்பாதையோடு உடன் வருவதைக் காணலாம். ஆண்டின் பெரும்பகுதி அதில் நீர் இராது. ஆயினும் அதன் பெயர் பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி வரையில் அது வண்டிக்கு வழித்துணையாக வந்து, பின்னர் விலகி வடமேற்கே மலைகளுக்குள் மறைந்துவிடும். வண்டியோ ஜோலார்பேட்டை சேர்ந்து, அங்கிருந்து மேட்டுநிலம் ஏறத் தொடங்கும். ஜோலார்பேட்டைக்கும் பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கும் இடையே பாதை திறக்கப்பெற்றது 1864 ஆம் ஆண்டில். அன்றுதொட்டு நம்மவருள் மிகப் பலர் இவ்வழியாகவே இந்நகருக்கு வந்து சேர்ந்தனர். எங்கள் பாட்டனார் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பித்தளைச் செம்புமாக வந்திறங்கியதும் இவ்வழியேதான்.

புகைவண்டி என்னும் பெயரையே உலகம் அறியாத காலத்தில், இதே பாலாற்றங்கரையிலிருந்து ஒரு கூட்டத்தார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு இம்மேட்டுநிலத்துக்கு ஏறி வந்தனர் என்றும், அவர்கள் வழிவந்தவரே பெங்களூரைக் கட்டினார் என்றும் ஒரு மரபுவழிச் செய்தி உண்டு. நெடுங்காலம் இந்நகரில் வாழ்ந்தும் அதனை நாங்கள் அறியாதிருந்தோம். எங்களை அதன்பால் செலுத்தியவன் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுவனே. கெம்பே கௌடரைப் பற்றிக் கன்னடத்தில் ஒரு பக்கம் எழுதிவரும்படி அவனுக்கு ஆசிரியர் பணித்திருந்தார். “கெம்பே கௌடர் எந்த ஊரிலிருந்து வந்தார், அப்பா?” என்று அவன் கேட்டபோது எங்களுக்கு விடை தெரியவில்லை. கெம்பே கௌடர் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் இறங்கி ஏறுபவர்கள் நாங்கள்! வெட்கமாக இருந்தது. ஆகவே சங்கத்து அன்பர் நால்வர் குடும்பமாகச் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிக்கபள்ளாபூர் செல்லும் வண்டியில் ஏறினோம்.

இப்பாதை தனியழகு வாய்ந்தது. 1915 ஆம் ஆண்டில் குறுகிய பாதையாக இடப்பெற்றுப் பிற்காலத்தில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. எலஹங்காவைத் தாண்டியவுடன் நகரின் இரைச்சல் அடங்குகிறது. பெட்டஹள்சூர், தொட்டஜாலா எனச் சிறுசிறு ஓட்டு நிலையங்கள். இவற்றுக்கிடையே 2021 ஆம் ஆண்டில் வானூர்தி நிலையத்திற்கென ஒரு நிறுத்தமும் ஏற்பட்டது. அவ்வானூர்தி நிலையத்தில் 108 அடி உயரத்தில் கெம்பே கௌடரின் வெண்கலச் சிலை நிற்கிறது. 2022 நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட சிலை அது. வானூர்திகள் நிமிடத்திற்கொன்றாக எழுவதைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தனர். தேவனஹள்ளிக்கு அடுத்த நிலையம் ஆவதிஹள்ளி. இறங்கினோர் எங்களையன்றி மூவரோ நால்வரோதான்.

ஆவதி இன்று ஒரு சிற்றூர். கேழ்வரகு வயல்களும் திராட்சைப் பந்தல்களும் சூழ்ந்தது. ஊரையொட்டி எழும் குன்றின்மீது திம்மராய சுவாமி கோயில் உள்ளது. தொலைவில் நந்திமலை நீலப் புகை போலத் தோன்றுகிறது. கோட்டை கொத்தளம் காணலாம் என்று ஆவலோடு வந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றமே. அரசமரபு ஒன்று வேர்பிடித்த இடம் இதுவென்று சொன்னாலன்றி எவரும் அறியார்.

செய்தி இதுதான். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், காஞ்சிபுரத்துக்கு அருகிலிருந்த ஓர் ஊரில் மொரசு ஒக்கலிகர் என்னும் உழவர் குடியைச் சேர்ந்த ரணபைரே கௌடர் வாழ்ந்திருந்தார். அவருடைய மகள் தொட்டம்மா அழகிற் சிறந்தவள். அப்பகுதியை ஆண்ட தலைவன் ஒருவன் அவளைத் தனக்குத் தரும்படி வற்புறுத்தினான். மறுக்கும் வலிமை உழவர்க்கு இல்லை. கொடுக்கவும் மனம் இல்லை. ஆகவே உறவினரோடு இரவோடிரவாக வண்டி பூட்டிப் புறப்பட்டார். பாலாற்றங்கரையை அடைந்தபோது ஆறு இருகரையும் புரண்டு ஓடிற்று. பின்னே துரத்தி வருவோரின் ஆரவாரம். தொட்டம்மா தன் காதணியைக் கழற்றிக் கங்கையன்னைக்குக் காணிக்கையாக நீரில் இட்டாளாம். வெள்ளம் விலகி வழிவிட்டதாம். அவ்வாறு தப்பி வந்த ஏழு உழவர் குடும்பத்தினர் நந்திமலைக்குக் கிழக்கே இராமசாமிக் குன்றின் அடியில் ஓர் இரவு தங்கி, பின்னர் ஆவதியில் நிலைத்து, காடு திருத்தி உழுதனர் என்பர்.

வெள்ளம் விலகியதை வரலாறு என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆற்றைக் கடந்த ஒவ்வொரு குடியும் இத்தகைய கதையொன்றைத் தன்னோடு கொண்டு செல்லும். எனினும் இக்கதையில் எங்களை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. பாலாறு பிறப்பதே இந்த நந்திமலைப் பகுதியில்தான்! கீழே வெள்ளமாய் மறித்த ஆற்றின் பிறப்பிடத்தையே தேடி வந்தாற்போல அவர்கள் வந்து தங்கியிருக்கின்றனர்.

ஊர் மன்றத்து மரத்தடியில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். “அஜ்ஜா” என்று அழைத்து, எங்களுக்குத் தெரிந்த கன்னடத்தில் இக்கதை மெய்தானா என்று வினவினோம். அவர் தொட்டம்மாவின் காதணி வரையில் ஒன்றும் விடாமல் சொன்னார். எங்கள் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒருவன், “அப்படியானால் பெங்களூர் நம் ஊர்க்காரர் கட்டியதுதானே!” என்று தமிழில் உரக்கச் சொல்லிவிட்டான். முதியவருக்குத் தமிழ் சிறிது விளங்கும் போலும். அவர் சினங்கொள்ளவில்லை. “காஞ்சியிலிருந்து வந்தார்கள், மகனே, உண்மைதான். ஆனால் ஒருவரும் திரும்பிப் போகவில்லையே” என்று சிரித்தார்.

பையன் தலைகுனிந்தான். அவன் சொன்னது பிழையுங்கூட. இக்குடியினர் கன்னடமும் தெலுங்கும் வழங்கியவர்கள். காஞ்சி வட்டாரத்திலிருந்து வந்த காரணத்தால் அவர்களைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுதல் தகாது. இன்னொன்றும் உண்டு. அவர்கள் வருமுன்பே பெங்களூர் என்னும் பெயர் வழக்கில் இருந்தது. பேகூரில் நாகேசுவரர் கோயிற் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ 890 ஆம் ஆண்டைச் சார்ந்தது, பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிப்பிடுகிறது. வேந்தன் ஒருவனுக்கு முதியவள் அவரை வேகவைத்துத் தந்ததால் வந்த பெயர் என்னும் கதை இக்கல்வெட்டின் முன் நில்லாது. நம் மொழியைக் காண வேண்டுமாயின் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குச் செல்லலாம். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. யார் முன்னர், யார் பின்னர் என்று எண்ணத் தொடங்கினால் இந்நகரில் கணக்கு முடிவுறாது.

திரும்பும் வண்டிக்காக நிலையத்தில் காத்திருந்தபோது, எங்களுள் ஒருவருடைய தாயார் 1991 டிசம்பரை நினைவுகூர்ந்தார். காவிரி நீர்ப் பூசலையொட்டி இந்நகரில் கலவரம் மூண்ட மாதம் அது. அப்போது எங்களுள் சிலர் கைக்குழந்தைகள். சிலர் பிறக்கவே இல்லை. கைப்பெட்டி ஒன்றோடு இரவு வண்டியேறி ஜோலார்பேட்டைக்குச் சென்று, உறவினர் வீட்டில் பத்து நாட்கள் இருந்தார்களாம். திரும்பி வந்தபோது வாயிலில் துளசிச்செடி வாடாமல் நின்றதாம். அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் நாள்தோறும் நீர் ஊற்றி வந்திருக்கிறார். சாவியும் அவரிடமே இருந்தது. “தொட்டம்மாவின் கதை எனக்குப் புதிதன்று” என்றார் அத்தாயார். அதன்மேல் எவரும் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் வாங்கிவந்திருந்த பம்பளிமாசு ஒன்றை உரித்துப் பகிர்ந்தோம். தேவனஹள்ளிப் பம்பளிமாசு, கன்னடத்தில் சக்கோத்தா, பெயர்பெற்றது. இவ்வழி செல்வோர் வாங்காமல் வரலாகாது.

இனி, உழவர் அரசரான வகையைச் சொல்வோம். ஆவதிக் குடியின் கிளைகள் பிரிந்தன. ஜயகௌடர் என்பவர் எலஹங்கா சென்று விஜயநகரப் பேரரசுக்கு அடங்கிய சிற்றரசு ஒன்றை நிறுவினார். எலஹங்கா நாடப்பிரபுக்கள் என்பது அம்மரபின் பெயர். மல்லபைரே கௌடர் தேவனஹள்ளியில் மண்கோட்டை எழுப்பினார். ஆண்டு 1501 என்பர். சிக்கபள்ளாபூர், தொட்டபள்ளாபூர் ஆகியவையும் இக்குடியினர் வசமாயின. இவர்கள் வாளால் மட்டும் வளர்ந்தவரல்லர். பேரரசுக்குரிய திறையைத் தவறாது திரட்டிச் செலுத்துவதும், படை கேட்டபோது படை அனுப்புவதும், ஏரி வெட்டி நிலத்தைப் பெருக்குவதுமே இவர்கள் ஏறிய படிகள். கணக்கைச் சரியாகக் கட்டுபவனிடம் மேலும் ஒரு வட்டாரம் ஒப்படைக்கப்படும். அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும்!

அம்மரபில் தோன்றிய கெம்பே கௌடர் 1537 ஆம் ஆண்டில், அச்சுதராயர் ஆட்சியில், பேரரசின் இசைவு பெற்றுப் பெங்களூரில் மண்கோட்டையும் பேட்டையும் அமைத்தார். அவருடைய தாயும் மனைவியும் கொடிகேஹள்ளியை அடுத்த பெங்களூர் என்னும் சிற்றூரினர். அப்பெயரையே புது நகருக்கு இட்டார் என்பது வழக்கு. இன்று தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் கூடும் சந்திப்பில், வெள்ளை எருதுகள் பூட்டிய ஏர்களை நான்கு திசையிலும் ஓட்டி, உழுத கோடுகளையே தெருக்களாக்கினார் என்பர். நகருக்கு எல்லை வகுக்கும்போதும் அவருடைய கையில் ஏரே இருந்தது என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி.

அடுத்த ஞாயிறன்று அத்தெருக்களில் நடந்தோம். தொட்டபேட்டைத் தெருவே இப்போதைய அவென்யூ சாலை. அக்கிபேட்டை அரிசிக்கு, ராகிபேட்டை கேழ்வரகுக்கு, அரளேபேட்டை பஞ்சுக்கு, பளேபேட்டை வளையலுக்கு, கும்பாரபேட்டை குயவர்க்கு, காணிகரபேட்டை செக்கார்க்கு. சரக்கு அலுவலகத்துப் பதிவேட்டைப் புரட்டுவது போல இருந்தது. திகளரபேட்டையும் உண்டு. திகளர் என்போர் தோட்டத் தொழிலிற் சிறந்த குடியினர். தமிழோடு நெருங்கிய பேச்சு வழக்கு உடையவர். தர்மராயர் கோயிலில் சித்திரை முழுநிலவன்று நடைபெறும் கரக விழா அவர்களுடையதே. அவ்விரவில் கரகம் மஸ்தான் சாகிபு தர்காவிற்கும் சென்று வரும். கூட்டத்தில் கால் வைக்க இடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஒருமுறையேனும் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுக.

நகரமைத்தவர் நீரை மறக்கவில்லை. பெங்களூர் மேட்டின்மீது அமைந்தது. பேராறு எதுவும் அருகில் இல்லை. ஆகவே ஏரிகள் வெட்டினார். கெம்பாம்புதி, தர்மாம்புதி ஆகியவை அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுபவை. தர்மாம்புதி எங்கே என்று தேடாதீர்கள். புகைவண்டி நிலையத்துக்கு எதிரே, நாம் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடமே அவ்வேரியின் படுகை. ஏரி வற்றி மைதானமாகிப் பின்னர்ப் பேருந்து நிலையமாயிற்று. பெருமழை பெய்யுங்கால் அங்கே நீர் தேங்குவதைக் கண்டு சலித்துக்கொள்கிறோம். நீர் தன் வீட்டைத் தேடி வருகிறது, அவ்வளவே. ஏரிகளைத் தூர்த்த நகரம் 1974 முதல் காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் குடித்து வருகிறது. அக்காவிரியின் பொருட்டே 1991 இல் பெட்டி கட்ட நேர்ந்தது என்பதையும் நினைத்துக்கொண்டோம்.

கெம்பே கௌடரின் பணியில் மகிழ்ந்து பேரரசர் அலசூர், பேகூர், வர்த்தூர், ஜிகணி, கெங்கேரி முதலிய வட்டாரங்களை அளித்தார். ஆண்டுக்கு 30,000 வராகன் வருவாய் தரும் நிலம் அது என்பர். ஏற்றம் வந்தவிடத்தில் சறுக்கலும் வந்தது. குலதெய்வமான பைரவரின் பெயரால் அவர் தாமே நாணயம் அடித்தார். வரி திரட்டலாம், கோட்டை கட்டலாம். நாணயம் அடித்தல் வேந்தர்க்கே உரியது. ஆனைக்குந்திக்கு அழைக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். ஐந்தாண்டு கழித்துத் தண்டம் செலுத்தி மீண்டார். நாடும் திரும்பக் கிடைத்தது.

இவ்விடத்தில் உருசிய நாட்டு மாஸ்கோவின் தொடக்கம் எங்கள் நினைவுக்கு வந்தது. 1147 ஆம் ஆண்டில்தான் அவ்வூரின் பெயர் முதன்முதல் ஏட்டில் வருகிறது. 1238 இல் மங்கோலியர் அதனை எரித்தனர். அத்தகைய சிற்றூரின் தலைவரான இவான், 1325 முதல் 1340 வரை ஆண்டவர், மங்கோலிய கானுக்குரிய திறையைப் பிற சிற்றரசுகளிடமிருந்தும் திரட்டித் தரும் பொறுப்பைப் பெற்றார். மக்கள் அவரைக் கலிதா என்றனர். பணப்பை என்பது பொருள். தலை வணங்கியே பணப்பையை நிரப்பி, நிலத்தை வாங்கிச் சேர்த்தார். சமயத் தலைவரும் 1320களில் மாஸ்கோவிலேயே தங்கலானார். அவர் வழிவந்த மூன்றாம் இவான் காலத்தில், 1480 இல், திறை கட்டுவது அடியோடு நின்றது. எலஹங்காவும் மாஸ்கோவும் ஏறிய படி ஒன்றே. கலிதா பொறுமையோடிருந்த இடத்தில் கெம்பே கௌடர் விரைந்துவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மாஸ்கோவின் தலைவர்கள் சிதறிக் கிடந்த உறவினர் நாடுகளை ஒவ்வொன்றாகத் தம்மோடு சேர்த்தனர். ஆவதிக் குடியிலோ எலஹங்காவும் தேவனஹள்ளியும் சிக்கபள்ளாபூரும் கடைசிவரை தனித்தனிக் கோட்டைகளாகவே நின்றன. 1565 இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் சாய்ந்தபோது, பேரரசின் நிழல் நீங்கிய இச்சிற்றரசுகள் பீஜப்பூருக்கும் வளர்ந்துவரும் மைசூருக்கும் இடையே தனித்து அகப்பட்டன. 1638 இல் பீஜப்பூர்த் தளபதி ரணதுல்லாகானும் மராத்தியர் ஷாஜியும் பெங்களூரைக் கைப்பற்றினர். கெம்பே கௌடர் மரபினர் மேற்கே மாகடிக்குப் பெயர்ந்தனர். மீண்டும் ஓர் ஊர்ப் பெயர்ச்சி! பெங்களூர் ஷாஜிக்கு ஜாகீராயிற்று. 1687 இல் மொகலாயர் கைக்குச் சென்று, பின்னர் மூன்று லட்சம் ரூபாய் விலைக்கு மைசூர்ச் சிக்கதேவராயரிடம் வந்தது. மாகடியும் சாவனதுர்க்கமும் 1728 இல் மைசூர்ப் படையிடம் வீழ்ந்தன. அம்மரபின் கடைசித் தலைவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் உயிர் துறந்தார்.

மூன்றாம் ஞாயிறு சாவனதுர்க்கம் சென்றோம். ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலை அது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை விழும். இங்கே ஒளிந்தவரை எவரால் பிடிக்க முடியும் என்று தோன்றும்; எனினும் பிடித்துவிட்டார்கள். பாதி மலை ஏறுமுன் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பாறையில் குழந்தைகளோடு ஏறுதல் தகாதென இறங்கிவிட்டோம். மாகடி வட்டத்துக் கெம்பாபுரத்தில் கெம்பே கௌடரின் சமாதி 2015 ஆம் ஆண்டில் கல்வெட்டால் அடையாளம் காணப்பட்டது. அதனையும் அன்று காண இயலவில்லை.

சிறுவன் கன்னடத்தில் கட்டுரையை எழுதி முடித்தான். தொட்டம்மாவின் காதணிக்கே அரைப் பக்கம் சென்றுவிட்டது. கோட்டைக்கு நான்கே வரிகள். பிழை திருத்தித் தந்தவர் எதிர்வீட்டு அம்மையார். நாங்கள் திருத்தியிருந்தால் பிழை கூடியிருக்கும்.

இவ்விடங்களுக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஆவதிஹள்ளியில் எல்லா வண்டிகளும் நில்லா. திரும்பும் வண்டியை முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். ஊரில் உணவு விடுதியை நம்பாமல் கட்டுச்சோறு கொண்டு செல்க. பேட்டைத் தெருக்களைக் கடைகள் மூடியிருக்கும் காலை நேரத்தில் காண்பது நன்று. சாவனதுர்க்கத்தை மழைக்காலத்தில் தவிர்க்கவும். மற்ற நாட்களிலும் வெயிலேறுமுன் ஏறத் தொடங்கவும், நீர் எடுத்துச் செல்லவும் மறவாதீர். மலைமேல் நிழல் இல்லை.